ரெஸ்ட் வலைச் சேவைகளில் கோப்புப் பதிவேற்றம்

ரெஸ்ட் வலைச் சேவைகளில் கோப்புப் பதிவேற்றம் என்பது, பயனரின் கணினியிலோ கைபேசியிலோ உள்ள படம், ஒலி, ஆவணம் போன்ற கோப்புகளையும் அவற்றைப் பற்றிய விவரங்களையும் எச்.டி.டி.பி எனப்படும் மீயுரைப் பரிமாற்ற நெறிமுறை வழியாக ஒரு வழங்கி பெற்று, பிரித்து, சோதித்து, சேமிக்கும் செயற்பாடு ஆகும். இதில் இரண்டு வகையான தரவுகள் கையாளப்படுகின்றன. ஒன்று கோப்பின் உள்ளடக்கம். மற்றொன்று அக்கோப்பு எதைப் பற்றியது, யாருடையது, எப்போது உருவானது என்பன போன்ற மீத்தரவு. இவ்விரண்டையும் பிரியாமல் கொண்டு சேர்ப்பதும், அனுப்புபவர் கூறும் எதையும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளாதிருப்பதும் இச்செயற்பாட்டின் அடிப்படைகள் ஆகும்.

இக்கட்டுரையில் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் உள்ள தொல்லிடங்களின் ஒளிப்படங்களை இணையத்தில் ஏற்றுவது எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

பொருளடக்கம்
1 எடுத்துக்காட்டின் பின்னணி
2 வரலாறு
3 கோரிக்கையில் தரவு வரும் இடங்கள்
4 பதிவேற்ற முறைகள்
5 பல்பகுதி உடலின் அமைப்பு
6 அளவு வரம்புகள்
7 தடைபட்ட பதிவேற்றமும் மறு அனுப்புதலும்
8 தமிழ்ப் பெயர்கள்
9 பாதுகாப்பு
10 நிலைக் குறியெண்கள்
11 விக்கிமீடியா பொதுவகத்தில் நடைமுறை
12 இவற்றையும் பார்க்க

எடுத்துக்காட்டின் பின்னணி

விழுப்புரம் மாவட்டத்தில் பல்லவர் காலத்துக் குடைவரைகள் பல உள்ளன. மண்டகப்பட்டு, தளவானூர், திண்டிவனம் பகுதியில் உள்ள கீழ்மாவிலங்கை ஆகியவை அவற்றுள் சில. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றி அமைக்கப்பட்டது என்று கல்வெட்டிலேயே குறிக்கப்பட்டுள்ள கோயில் மண்டகப்பட்டில் உள்ளது. இம்மாவட்டத்தின் செஞ்சிக் கோட்டை, 2025ஆம் ஆண்டில் மராத்தியப் படைத்துறை நிலத்தோற்றங்களின் ஒரு பகுதியாக யுனெசுக்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மண்டகப்பட்டிலும் தளவானூரிலும் முகப்பில் வாயிற்காவலர் சிற்பங்கள் உள்ளன. இவற்றுள் ஒன்றை மட்டும் அண்மையில் நின்று எடுத்த படம் எந்த ஊரைச் சேர்ந்தது என்பதைப் பழக்கமில்லாத ஒருவர் படத்தைப் பார்த்து மட்டும் கூற இயலாது. அனுப்பும் வழியில் ஊர்ப் பெயர் விடுபட்டால் படம் தன் பயனை இழக்கின்றது. தவறான ஊர்ப் பெயருடன் சேர்ந்துவிட்டால், அதைப் பார்த்து எழுதப்படும் கட்டுரைகளிலும் பாடங்களிலும் அத்தவறு பரவுகின்றது. எனவே மீத்தரவு, கோப்புக்கு இணையான கவனத்தைப் பெற வேண்டியது ஆகும்.

விளக்கத்தின் பொருட்டு, இத்தொல்லிடங்களின் படங்களைத் திரட்டும் ஒரு ரெஸ்ட் சேவையைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதில் "/இடங்கள்/மண்டகப்பட்டு" என்பது ஒரு வளத்தின் முகவரி; "/இடங்கள்/மண்டகப்பட்டு/படங்கள்" என்பது அவ்விடத்துப் படங்களின் தொகுப்புக்கான முகவரி.

வரலாறு

தொடக்க கால வலைப் படிவங்கள் எழுத்துத் தரவை மட்டுமே அனுப்பின. செராக்சு நிறுவனத்தைச் சேர்ந்த நெபெல், லாரி மாசின்டர் ஆகியோர் 1995 நவம்பரில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி 1867, படிவத்தின் வழியாகக் கோப்பை அனுப்பும் முறையை வரையறுத்தது. மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா என்னும் பல்பகுதி வடிவம் இதில் அறிமுகமானது. 1998இல் ஆர்.எஃப்.சி 2388 இவ்வடிவத்தைத் தனியே வரையறுத்தது. 2015இல் வெளியான ஆர்.எஃப்.சி 7578 அதற்கு மாற்றாக அமைந்தது.

ரெஸ்ட் என்னும் கட்டமைப்புப் பாணியை ராய் ஃபீல்டிங், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் 2000ஆம் ஆண்டில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கினார். இப்பாணி கோப்பேற்றத்துக்கெனத் தனி விதி எதையும் கூறவில்லை. கோப்பை ஏற்றுதல் என்பது புதிய வளம் ஒன்றை உருவாக்குதல் அல்லது உள்ள வளத்தை மாற்றுதல் என்றே இதில் கொள்ளப்படுகின்றது. இதற்கு அடிப்படையான எச்.டி.டி.பி நெறிமுறையின் சீர்தரங்கள் 1999, 2014, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்தி வெளியிடப்பட்டன.

கோரிக்கையில் தரவு வரும் இடங்கள்

ஒரு கோரிக்கையில் நான்கு இடங்களில் தரவு வரலாம்.

* முகவரிப் பாதை: எந்த வளம் என்பதைக் குறிப்பது. எ-கா: "/இடங்கள்/மண்டகப்பட்டு".
* வினவல் பகுதி: முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வருவது. வடிகட்டுதல், வரிசைப்படுத்துதல், பக்கம் பிரித்தல் ஆகியவற்றுக்கு ஏற்றது.
* தலைப்பு வரிகள்: உள்ளடக்கத்தின் வகை, நீளம், அனுப்புபவரின் அடையாளச் சான்று போன்றவை.
* உடல்: படிவத் தரவு, ஜேசான், எக்ஸ்.எம்.எல், கோப்பு ஆகியவை வரும் பகுதி.

கடவுச்சொல், அடையாள வில்லை போன்றவற்றை வினவல் பகுதியில் அனுப்புதல் தவிர்க்கப்பட வேண்டும். முகவரி முழுவதும் வழங்கியின் பதிவேடுகளிலும் உலாவியின் வரலாற்றிலும் தங்கிவிடுவதே இதற்குக் காரணம். கெட் கோரிக்கையின் உடலுக்குப் பொதுவான பொருள் எதையும் சீர்தரம் வரையறுக்கவில்லை. எனவே அதில் தரவை அனுப்புதல் கூடாது.

உடல் ஓர் ஓடையாக வந்து சேர்கின்றது. பல நிரலாக்கச் சூழல்களில் அதை ஒரு முறை மட்டுமே படிக்க இயலும். பதிவேடு எழுதும் நிரற்கூறு ஒன்று உடலை முன்னதாகவே படித்துவிட்டால், அடுத்துவரும் நிரலுக்கு அது வெறுமையாகவே தோன்றும். "கோப்பு வரவில்லை" என்னும் பிழைகளுள் பல இவ்வாறு தோன்றுவனவே.

பதிவேற்ற முறைகள்

பல்பகுதி முறை

மீத்தரவும் கோப்பும் ஒரே கோரிக்கையின் தனித்தனிப் பகுதிகளாக வருகின்றன. உலாவிகள் இதை நேரடியாக ஆதரிக்கின்றன. சிறிய, நடுத்தர அளவுள்ள கோப்புகளுக்கு இதுவே பரவலான முறை ஆகும்.

ஜேசானுக்குள் பொதித்தல்

கோப்பின் பைட்டுகளை பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாற்றி, ஜேசான் தரவின் ஒரு புலமாக அனுப்புதல். மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாகின்றன. எனவே அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகின்றது. 8 மெகாபைட்டு அளவுள்ள படம் ஏறத்தாழ 10.7 மெகாபைட்டு ஆகும். நொடிக்கு 1 மெகாபிட்டு வேகமுள்ள ஏற்று இணைப்பில், 64 நொடிகளில் செல்ல வேண்டிய படம் ஏறத்தாழ 85 நொடிகள் எடுத்துக்கொள்ளும். சிறு உருப்படங்களுக்கு மட்டுமே இம்முறை பொருந்தும்.

இரு படி முறை

முதலில் மீத்தரவை ஜேசானாக அனுப்பிப் படத்துக்கான வளம் உருவாக்கப்படுகின்றது. வழங்கி அதற்கு ஓர் அடையாள எண்ணை அளிக்கின்றது. பின்னர் அவ்வளத்தின் முகவரிக்குப் புட் வினையின் மூலம் கோப்பின் பைட்டுகள் மட்டும் அனுப்பப்படுகின்றன. ரெஸ்ட் பாணிக்கு இது நன்கு பொருந்துகின்றது. ஆனால் முதற் படி முடிந்து இரண்டாம் படி முடியாமல் நின்றுபோன பதிவுகளைக் கண்டறிந்து நீக்க வழி வேண்டும்.

கையொப்பமிட்ட முகவரி முறை

வழங்கி, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் முகவரி ஒன்றை அளிக்கின்றது. கோப்பு அம்முகவரி வழியாகச் சேமிப்பகத்துக்கு நேரடியாகச் செல்கின்றது. 2006இல் தொடங்கப்பட்ட அமேசான் எஸ்3 போன்ற சேமிப்பகங்கள் இதை ஆதரிக்கின்றன. பெருங்கோப்புகளின் சுமை வழங்கியின் மீது விழாமை இதன் நன்மை ஆகும்.

பல்பகுதி உடலின் அமைப்பு

பல்பகுதி உடலில் ஒவ்வொரு பகுதியும் பவுண்டரி எனப்படும் பிரிப்புச் சரத்தால் பிரிக்கப்படுகின்றது. அனுப்பும் நிரல் இச்சரத்தைத் தெரிவுசெய்து, கோரிக்கையின் கன்டென்ட்-டைப் தலைப்பு வரியில் குறிப்பிடுகின்றது. இச்சரம் 70 குறிகளுக்கு மிகாமல் இருத்தல் வேண்டும். எந்தப் பகுதியின் உள்ளடக்கத்திலும் வருதல் கூடாது.

ஒவ்வொரு பகுதியும் இரண்டு சிறுகோடுகளையும் பிரிப்புச் சரத்தையும் கொண்ட வரியுடன் தொடங்குகின்றது. அடுத்து, புலத்தின் பெயரையும் கோப்பாயின் கோப்பின் பெயரையும் கூறும் தலைப்பு வரி வருகின்றது. பின்னர் ஒரு வெற்று வரியும், அதன்பின் உள்ளடக்கமும் அமைகின்றன. இறுதிப் பிரிப்புச் சரத்தின் முடிவில் மேலும் இரண்டு சிறுகோடுகள் சேர்க்கப்படுகின்றன. இவை வாராவிடில் உடல் முழுமையாக வந்து சேரவில்லை என்பதை வழங்கி அறிந்துகொள்ளலாம்.

தொடக்க நிலை நிரலாளர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. கன்டென்ட்-டைப் வரியைத் தாமே எழுதி, பிரிப்புச் சரத்தைக் குறிப்பிடாமல் விட்டுவிடுவதே அது. அந்நிலையில் பைட்டுகள் அனைத்தும் வந்து சேர்ந்தாலும் வழங்கியால் பகுதிகளைப் பிரிக்க இயலாது. உலாவியில் அவ்வரியை எழுதாமல் உலாவியிடமே விட்டுவிடுதல் சரியான வழி ஆகும்.

அளவு வரம்புகள்

ஒரு கோப்பு, சேமிக்கப்படும் முன் பல அடுக்குகளைக் கடக்கின்றது. ஒவ்வோர் அடுக்குக்கும் தனி வரம்பு உண்டு.

* எஞ்சின்எக்ஸ் வலை வழங்கியின் இயல்பு வரம்பு, கோரிக்கை உடலுக்கு 1 மெகாபைட்டு.
* பி.எச்.பி மொழியின் இயல்பு வரம்பு, கோப்பு ஒன்றுக்கு 2 மெகாபைட்டு. போஸ்ட் கோரிக்கை முழுவதற்கும் 8 மெகாபைட்டு.
* ஸ்பிரிங் பூட் சட்டகத்தின் இயல்பு வரம்பு, கோப்பு ஒன்றுக்கு 1 மெகாபைட்டு. கோரிக்கை முழுவதற்கும் 10 மெகாபைட்டு.

இவ்வரம்புகளை மாற்றி அமைக்கலாம். ஆனால் ஓர் அடுக்கில் மட்டும் மாற்றினால் மற்றோர் அடுக்கு கோரிக்கையைத் தடுத்துவிடும். பி.எச்.பியில் கோரிக்கையின் அளவு மொத்த வரம்பைத் தாண்டினால், கோப்பு மட்டுமன்றிப் படிவப் புலங்களும் வெறுமையாகிவிடுகின்றன. அப்போது "ஊரின் பெயரை நிரப்பவில்லை" என்னும் பிழைச் செய்தி பயனருக்குக் காட்டப்படலாம். உண்மையான காரணம் படத்தின் அளவே என்பதை அவர் அறிய வாய்ப்பில்லை.

மெதுவான இணைப்புகளில் முழுக் கோப்பையும் பெற்றபின் மறுப்பது பயனரின் நேரத்தை வீணாக்குகின்றது. இதைத் தவிர்க்க எச்.டி.டி.பியில் "100 தொடர்க" என்னும் ஏற்பாடு உள்ளது. அனுப்பும் நிரல் தலைப்பு வரிகளை மட்டும் முதலில் அனுப்பிக் காத்திருக்கின்றது. நீளத்தையும் அடையாளச் சான்றையும் பார்த்து, உடலைப் பெறும் முன்பே வழங்கி மறுக்க இயலும்.

தடைபட்ட பதிவேற்றமும் மறு அனுப்புதலும்

படம் முழுமையாகச் சென்று சேர்ந்தபின், மறுமொழி திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுந்துபோகலாம். பயனர் தோல்வி என்று கருதி மீண்டும் அனுப்புவார். போஸ்ட் வினையில் இதனால் இரண்டு வளங்கள் உருவாகலாம். புட் வினையை எத்தனை முறை செய்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது சீர்தரத்தின் விதி. எனவே இரு படி முறையில் கோப்பை மீண்டும் அனுப்புவதால் தீங்கு இல்லை. போஸ்ட் பயன்படும் இடங்களில், ஒவ்வொரு பதிவேற்றத்துக்கும் தனிச் சாவி ஒன்றை அமைத்து, மறு அனுப்புதலிலும் அதே சாவியை அனுப்புவதன் மூலமோ, கோப்பின் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடுவதன் மூலமோ இரட்டிப்பைத் தவிர்க்கலாம்.

பெரிய கோப்புகள் துண்டுகளாக அனுப்பப்படுகின்றன. இதற்கான திறந்த நெறிமுறைகளுள் டஸ் குறிப்பிடத்தக்கது. இதில் போஸ்ட் வினையால் பதிவேற்ற வளம் உருவாக்கப்படுகின்றது. இதுவரை எத்தனை பைட்டுகள் வந்துள்ளன என்பது ஹெட் வினையால் அறியப்படுகின்றது. எஞ்சியவை பேட்ச் வினையால் அனுப்பப்படுகின்றன. 8 மெகாபைட்டுப் படத்தை 1 மெகாபைட்டுத் துண்டுகளாக அனுப்பும்போது, ஐந்து துண்டுகள் சேர்ந்தபின் இணைப்பு அறுந்தால், எஞ்சிய மூன்றை மட்டும் அனுப்பினால் போதும்.

தமிழ்ப் பெயர்கள்

யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ் ஒருங்குறிப் புள்ளியும் மூன்று பைட்டுகளைக் கொள்கின்றது. மெய்க்கும் உயிர்மெய்க்கும் பெரும்பாலும் இரண்டு புள்ளிகள் தேவைப்படுகின்றன. "திண்டிவனம்" என்பதில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் ஆறு; ஒருங்குறிப் புள்ளிகள் 10; பைட்டுகள் 30. முகவரியில் எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று குறிகளாகின்றது. எனவே அப்பெயர் 90 குறிகளைப் பெறும். "விழுப்புரம்" என்பதற்கும் எழுத்துகள் ஆறே. ஆயினும் புள்ளிகள் 11, பைட்டுகள் 33, முகவரியில் 99 குறிகள். லினக்சின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் கோப்பின் பெயர் 255 பைட்டுகளைத் தாண்ட இயலாது. நீண்ட தமிழ்ப் பெயர்கள் எதிர்பாராத இடத்தில் மறுக்கப்படுவதற்கு இது காரணம் ஆகும்.

யூ.டி.எஃப்-8 பைட்டுகளை வழங்கி லத்தீன்-1 என்று கருதினால், ஒவ்வொரு தமிழ்ப் புள்ளியும் மூன்று அயற்குறிகளாகச் சிதைந்து தோன்றும்.

ஒரே பெயர் இரு வகையாகக் குறியேற்றப்படுதலும் உண்டு. "கோலியனூர்" என்னும் ஊர்ப் பெயரின் முதலெழுத்து, ககரத்துடன் ஓகாரக் குறி சேர்ந்து இரண்டு புள்ளிகளாக வரலாம். ஏகாரக் குறியும் ஆகாரக் குறியும் தனித்தனியே சேர்ந்து மூன்று புள்ளிகளாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். எனவே பெற்ற எழுத்துத் தரவை என்.எஃப்.சி எனப்படும் ஒருங்கிணைந்த வடிவத்துக்கு மாற்றியபின் சேமித்தல் வேண்டும்.

வானவில் போன்ற ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்த விளக்கங்கள், வழங்கிக்கு லத்தீன் எழுத்துகளாகவே வந்து சேரும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றாமல் சேமித்தால் தேடலில் கிடைக்கமாட்டா. பயனர் தந்த கோப்புப் பெயரை மீத்தரவாக மட்டும் வைத்துக்கொண்டு, சேமிப்புக்கு வழங்கியே ஓர் அடையாளத்தை உருவாக்குதல் இச்சிக்கல்களுள் பலவற்றைத் தீர்க்கின்றது.

பாதுகாப்பு

கோப்பின் பெயர், வகை, அளவு ஆகிய மூன்றும் அனுப்புபவர் கூறுபவையே. அவற்றை மாற்றிக் கூறுதல் எளிது.

* பெயரில் இரு புள்ளிகளும் சாய்கோடும் இருந்தால், கோப்பு வேறு அடைவில் எழுதப்படக் கூடும். பெயரை அப்படியே சேமிப்புப் பாதையாகப் பயன்படுத்துதல் கூடாது.
* வகையைப் பெயரின் பின்னொட்டைக் கொண்டு முடிவுசெய்தல் கூடாது. ஜேபெக் படம் 255, 216, 255 ஆகிய பைட்டு மதிப்புகளுடனும், பி.என்.ஜி படம் 137, 80, 78, 71 ஆகியவற்றுடனும் தொடங்குகின்றன. தொடக்கம் சரியாக இருந்தாலும், படத்தை முழுமையாகத் திறந்து பார்ப்பதே உறுதியான சோதனை ஆகும்.
* எஸ்.வி.ஜி படங்களுக்குள் நிரல் வரிகள் இருக்கலாம். பயனர் ஏற்றிய கோப்புகளை வேறொரு களப் பெயரிலிருந்து வழங்குதல் பாதுகாப்பானது.
* அளவில் சிறிய கோப்பு, விரிக்கும்போது நினைவகத்தை நிரப்பிவிடும் அளவுக்குப் பெரிதாகலாம். எனவே படத்தின் நீள அகலங்களுக்கும் வரம்பு வேண்டும்.

கைபேசியில் எடுத்த படங்களில், எடுத்த இடத்தின் புவியியல் ஆள்கூறுகள் பதிவாகியிருக்கலாம். குடைவரையின் படத்துக்கு இது பயனுள்ள தகவல். வீட்டில் எடுத்த படத்துக்கோ இதுவே வீட்டின் இருப்பிடத்தை வெளிப்படுத்திவிடும். இதைப் பயனருக்குத் தெரிவித்து, நீக்கும் வாய்ப்பை அளித்தல் நல்ல நடைமுறை ஆகும்.

நிலைக் குறியெண்கள்

* 201 - புதிய வளம் உருவானது. அதன் முகவரி லொகேஷன் தலைப்பு வரியில் தரப்படும்.
* 202 - கோப்பு பெறப்பட்டது, செயலாக்கம் முடியவில்லை.
* 400 - கோரிக்கையின் அமைப்பில் பிழை.
* 401, 403 - அடையாளச் சான்று இல்லை, உரிமை இல்லை.
* 409 - வளத்தின் தற்போதைய நிலையுடன் முரண்பாடு.
* 411 - உள்ளடக்கத்தின் நீளம் குறிப்பிடப்படவில்லை.
* 413 - உள்ளடக்கம் மிகப் பெரியது.
* 415 - இவ்வகைக் கோப்பு ஏற்கப்படுவதில்லை.
* 422 - அமைப்பு சரி. ஆனால் தரவு பொருந்தவில்லை. எ-கா: படம் எடுத்த நாள் வருங்காலத்தில் உள்ளது.

குறியெண்ணுடன், எந்தப் புலத்தில் என்ன பிழை என்பதையும் மறுமொழியின் உடலில் கூறுதல் வேண்டும்.

விக்கிமீடியா பொதுவகத்தில் நடைமுறை

2004 செப்டம்பரில் தொடங்கப்பட்ட விக்கிமீடியா பொதுவகம், கட்டற்ற உரிமத்தில் உள்ள படங்களின் களஞ்சியம் ஆகும். விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் இடம்பெறும் படங்களுள் பெரும்பாலானவை இங்கு உள்ளன. இதன் மென்பொருளான மீடியாவிக்கி இரண்டு வகை இடைமுகங்களை அளிக்கின்றது. ஒன்று ரெஸ்ட் பாணியிலானது; கோப்பொன்றின் விவரங்களைக் கெட் வினையால் பெற இது பயன்படுகின்றது. மற்றொன்று, "செயல்" என்னும் கூறின் மூலம் பணியைக் குறிப்பிடும் பழைய இடைமுகம். இது கண்டிப்பான பொருளில் ரெஸ்ட் அன்று. பதிவேற்றம் இரண்டாவதன் வழியாக நடைபெறுகின்றது.

கீழ்மாவிலங்கைக் குடைவரையின் படத்தை ஒரு நிரல் மூலம் ஏற்றும்போது, முதலில் பயனர் புகுபதிகை செய்து பாதுகாப்பு வில்லை ஒன்றைப் பெற வேண்டும். பின்னர் கோப்பு, கோப்புப் பெயர், விளக்கவுரை, வில்லை ஆகியவை பல்பகுதி உடலாகப் போஸ்ட் வினையில் அனுப்பப்படுகின்றன. விளக்கவுரையில் ஆக்கியவர், உரிமம் ஆகியவை இருத்தல் வேண்டும். இல்லாத கோப்புகள் நீக்கப்படலாம். கோப்பின் பெயர் 240 பைட்டுகளைத் தாண்டுதல் கூடாது. அதாவது முழுவதும் தமிழில் எழுதினால் பின்னொட்டையும் சேர்த்து ஏறத்தாழ 80 ஒருங்குறிப் புள்ளிகளே இடம்பெறும்.

பெற்ற கோப்பின் எஸ்.எச்.ஏ-1 சரிபார்ப்புத் தொகை கணக்கிடப்படுகின்றது. அதே கோப்பு முன்பே இருந்தாலோ, அதே பெயரில் வேறு கோப்பு இருந்தாலோ எச்சரிக்கை தரப்படுகின்றது. அப்போது கோப்பு தற்காலிகக் கிடங்கில் வைக்கப்பட்டு, அதற்கான சாவி திருப்பி அனுப்பப்படுகின்றது. பெயரை மாற்ற விரும்பும் பயனர் படத்தை மீண்டும் ஏற்ற வேண்டியதில்லை. சாவியை அனுப்பினால் போதும். பெரிய கோப்புகளைத் துண்டுகளாக அனுப்பும்போதும் இதே கிடங்கும் சாவியும் பயன்படுகின்றன.

இவ்விடைமுகம் பெரும்பாலான பிழைகளையும் 200 என்னும் வெற்றிக் குறியெண்ணுடனேயே அனுப்பி, பிழையை உடலில் கூறுகின்றது. குறியெண்ணை மட்டும் பார்க்கும் நிரல், ஏற்றப்படாத படத்தை ஏற்றப்பட்டதாகக் கணக்கிட்டுவிடும். எனவே நிரலாளர் உடலையும் படித்துச் சோதித்தல் இன்றியமையாதது. ஏற்றப்பட்ட கோப்புகள் பொதுவகத்தின் பக்கங்களிலிருந்து வேறுபட்ட, பதிவேற்றங்களுக்கென உள்ள தனிக் களப் பெயரிலிருந்து வழங்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* மீயுரைப் பரிமாற்ற நெறிமுறை
* ஒருங்குறி
* விக்கிமீடியா பொதுவகம்
* மண்டகப்பட்டு குடைவரை
* செஞ்சிக் கோட்டை